ஆளேற்றி எடுத்த அளவு

எங்கள் மிளகுக் களத்தில் பதினோரு வருடம் ஒரு அம்பாசிடர் கார் நின்றது.

கொல்லிமலையில் சமமான இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. வளப்பூர் நாட்டில் எங்கள் காட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வீடு இருக்கும் இடத்தை விட்டால் தட்டையான தரை என்று இருந்தது அந்தக் களம் ஒன்றுதான். மேட்டை வெட்டி, கல் பரப்பி, சிமெண்டு குழைத்து நானே பூசினேன். பூச்சு காய்ந்த மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் ஒரு டிராக்டரின் பின்னால் காரைக் கட்டி இழுத்து வந்து நட்டநடுவில் நிறுத்தினார். நாலே நாள் என்றார். அந்த நாலு நாளில் எங்கள் மகள் பள்ளிக்கூடம் முடித்து, நர்சிங் படித்து, சேலத்தில் வேலைக்கும் போய்விட்டாள். நான் மட்டும் வருடா வருடம் மிளகைத் தார்ப்பாயில் கொட்டி ரோட்டோரம் காயவைத்து, பஸ் வரும்போதெல்லாம் ஓடி ஓடி இழுத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்காரர் பெயர் செங்கோடன். கதை சொல்ல வேண்டுமே என்று ஒருதரம் சொல்லிவிட்டேன், இனிமேல் அவர் என்றுதான் வரும். பால் வண்டி ஓட்டுகிறார். அதற்கு முன் ஒரு காப்பித் தோட்டத்து முதலாளிக்கு டிரைவராக இருந்தார். முதலாளி மலையை விட்டுப் போகும்போது, இன்ஜின் செத்துப்போன அந்தக் காரை, வேண்டுமானால் நீ எடுத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறார். வேண்டாம் என்று சொல்ல நான் பக்கத்தில் இல்லை. எழுபத்திரண்டாம் வருடத்து வண்டி. எங்கள் இரண்டு பேரைவிடவும் மூத்தது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊருக்கே தெரியும். கார் வந்த அன்றே, இந்த வண்டியில் என் கால் படாது என்று பாப்பாயி அக்கா முன்னால் சொல்லிவிட்டேன். பாப்பாயி அக்கா பக்கத்துக் காட்டுக்காரர். அவர் காதில் போட்ட விஷயம் பொழுது சாய்வதற்குள் செம்மேட்டுக்குப் போய்விடும். சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். காரின் கூரைமேல் மிளகாய் காயவைத்திருக்கிறேன், ஜன்னல் வழியாகக் கையை விட்டுக் கோழிக்கு முட்டைக் கூடை வைத்திருக்கிறேன், ஏறி உட்கார்ந்ததில்லை.

போன கார்த்திகையில் பேச்சு முற்றியது. மிளகுக் கொடி முழுக்கச் சரம் சரமாகத் தொங்குகிறது, அள்ளிக் கொட்ட இடமில்லை. நான் தெளிவாகச் சொல்லிவிட்டேன். தையில் முதல் மிளகு பறிக்கிற அன்றைக்குள் இந்த வண்டி ஆளும் மூட்டையும் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையின் எழுபது வளைவும் இறங்கி ஏறி வரவேண்டும். வந்துவிட்டால் ரோட்டோரம் சில்வர் ஓக் மரத்தடியில் வண்டி நிற்க நானே மேடு வெட்டித் தருகிறேன். வராவிட்டால் பழைய இரும்புக்காரரின் லாரி வரும்.

அவர் சண்டை போடவில்லை. 

"சரி புள்ள. வார்த்தை மாற மாட்டேன்" என்றார்.

மாறவும் மாட்டார். அது எனக்குத் தெரியும்.

அவர் பதினோரு வருடமும் சும்மா இருந்தார் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். ஞாயிற்றுக்கிழமையானால் வண்டிக்கடியில்தான் படுத்துக் கிடப்பார். டயர் கெடக் கூடாதென்று வண்டியை நாலு கல்லின் மேல் தூக்கி வைத்திருந்தார். அடிவாரத்தில் உடைத்துப்போட்ட ஒரு வேனின் டீசல் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் வாங்கி வந்து பொருத்தினார். பிரேக் மாற்றினார், ஒயர் மாற்றினார், சீட்டுக்குப் புது உறைகூடத் தைத்துப் போட்டார். எல்லாம் முடிந்தது. ஒன்றே ஒன்று மட்டும் அமையவில்லை.

இன்ஜின் சுழற்றுவதைப் பின் சக்கரத்துக்குக் கொண்டு போவதற்கு வண்டிக்கடியில் ஒரு நீளக் குழாய் இருக்கும். பட்டறையில் அதை ஷாஃப்ட் என்பார்கள். எங்கள் வண்டியில் முன்பக்கம் வேன் வீட்டார், பின்பக்கம் அம்பாசிடர் வீட்டார். இரண்டு வீட்டுக்கும் ஒத்துப்போகிற சம்பந்தம் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. இரும்புக் குழாயை வெட்டி ஒட்டி இரண்டு தடவை செய்து பார்த்தார். முதல் ஷாஃப்டை மாட்டிக் கல்லின் மேல் வைத்தபடியே ஓட்டியபோது வண்டி பேய் பிடித்த மாதிரி ஆடியது. வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த காலண்டர் கீழே விழுந்தது. இரண்டாவது ஒட்டிய இடத்திலேயே பிய்த்துக்கொண்டு போய்விட்டது.

மார்கழியில் குழந்தைவேல் போன் செய்தார். அவர் அடிவாரத்தில் காரவள்ளிப் பக்கம் லேத் பட்டறை வைத்திருப்பவர், பழைய சாமானும் வாங்குவார். ஏதோ வெளிநாட்டுக் கார் ஒன்று நசுங்கி அவரிடம் வந்திருக்கிறது. வண்டிதான் நசுக்கலே தவிர அதன் ஷாஃப்டில் ஒரு கீறல் இல்லையாம். முழுக்க அலுமினியம். கனம் குறைவு என்பதால் ஆட்டமும் குறைவாக இருக்கும், நீளத்தை வெட்டிக் குறைத்துவிடலாம், பின்பக்கம் பொருந்துவதற்கு நடுவில் ஓர் இரும்புத் தட்டு கடைந்து கொடுக்கிறேன் என்றார். அளவு மட்டும் வேண்டும் என்றார்.

வீட்டுக்காரர் உடனே ஒரு மூங்கிலைப் பிளந்து, வண்டிக்கடியில் படுத்து, கியர்பாக்ஸ் முனையிலிருந்து பின்னச்சு வரைக்கும் சரியாகச் சிம்பை நறுக்கினார். மறுநாள் விடிந்ததும் முதல் பஸ் டிரைவரிடம் அந்தச் சிம்பைக் கொடுத்தனுப்பினார். எங்கள் பக்கத்தில் எல்லாமே அப்படித்தான். கதவு நிலைக்கும் மூங்கில் சிம்புதான், கட்டிலுக்கும் சிம்புதான். டேப் பிடித்து அளந்தால் எண்ணைத் தப்பாக எழுதிவிடலாம், சிம்பு தப்பாது என்பார்கள்.

குழந்தைவேல் ஷாஃப்டை வெட்டி, லாரிக்குப் பாடி கட்டுகிற நாமக்கல்லில் ஆர்கான் வெல்டிங் வைத்து ஒட்டி வாங்கினார். இரும்பு ஒட்டுகிற சாதாரண வெல்டிங்குக்கு அலுமினியம் மசியாதாம். பொங்கலுக்கு முந்தின வாரம் நான் சாக்கு வாங்க இறங்கியபோது, வரும் வழியில் அதையும் எடுத்து வந்துவிடச் சொன்னார் வீட்டுக்காரர். என் களத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிற வண்டிக்கு நானே சாமான் சுமக்க வேண்டுமா என்று கேட்டேன். கேட்டேனே தவிரப் போனேன்.

குழந்தைவேல் அதை எடுத்து நீட்டினார். இரும்பு கனம் கனக்கும் என்று முந்தானையை இறுக்கிச் செருகி, மூச்சைப் பிடித்து, இரண்டு கையாலும் தூக்கினேன். அது கையோடு கரும்பு மாதிரி வந்துவிட்டது. நான் இரண்டடி பின்னால் போய்ப் பழைய டயர்மேல் உட்கார்ந்துவிட்டேன். குழந்தைவேல் நல்ல மனுசர், சிரிக்காமல் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பஸ்ஸில் மடிமேல் படுக்கவைத்துக்கொண்டு வந்தேன். எழுபது வளைவுக்கும் அது இந்தப் பக்கம் ஒருவர் முழங்காலையும் அந்தப் பக்கம் ஒருவர் முழங்காலையும் தட்டியது. போர் போட்டிருக்கீங்களா, குழாயா என்று ஒருவர் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அம்பாசிடருக்கு என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

மாட்டினார். கல்லை எடுத்து வண்டியைத் தரையில் இறக்கினார். சாவியைத் திருகிக் கியரைப் போட்டதும், பதினோரு வருடம் நின்ற வண்டி பூனை நடக்கிற மாதிரி சத்தமில்லாமல் களத்தை விட்டு இறங்கியது. சோளக்காடு வரைக்கும் தனியாகப் போய்த் திரும்பி வந்தார். துளி ஆட்டம் இல்லை. முகமெல்லாம் பல்லாக இறங்கினார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. வெளியில் காட்டவில்லை. ஆளும் மூட்டையும் ஏற்றி எழுபது வளைவு என்பதுதான் பேச்சு என்று மட்டும் ஞாபகப்படுத்தினேன்.

அதற்கு ஆள் தேட வேண்டியதில்லை. எங்கள் மலையில் எந்த வண்டியும் வெறும் வண்டியாக இறங்காது. ஒரு வண்டி கிளம்புகிறது என்று தெரிந்தால் போதும், அடிவாரத்தில் சம்பந்தி வீட்டுக்குக் கொடுக்க ஒருவர் வாழைத்தாரோடு வருவார், இன்னொருவர் குச்சிக்கிழங்கு மூட்டையோடு வருவார், ஆஸ்பத்திரிக்குப் போக இரண்டு பேர் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாப்பாயி அக்கா முதல் ஆளாக முன் சீட்டில் ஏறினார். பின்னால் ஐந்து பேர். டிக்கியில் மூன்று மூட்டை. கூரைமேல் இரண்டு தார். நான் வாசலில் நின்று பார்த்தேன். வண்டி ரோட்டில் ஏறித் திரும்பியது.

ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தது. வெறும் வண்டியாக வந்தது. ஏறிப்போன ஆறு பேரும் பின்னால் நடந்து வந்தார்கள்.

என்ன நடந்தது என்று பாப்பாயி அக்காதான் சொன்னார். ரோட்டில் ஒரு பள்ளம் வந்தாலும் அடியில் யாரோ சம்மட்டியால் அடிக்கிற மாதிரி இடித்ததாம். மேலிருந்து முதல் வளைவிலேயே சீட்டோடு தூக்கிப்போட்டதாம். எல்லோரும் இறங்கிக்கொண்டதும் சத்தம் நின்றுவிட்டது. ஏறினால் மறுபடி இடித்தது. அலுமினியம் மலைக்குத் தாங்காது, உள்ளே எங்கேயோ விட்டுப்போயிருக்கிறது என்று ஆளுக்கு ஒன்று சொல்லியிருக்கிறார்கள்.

அவர் பழைய இடத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்தார். கை கழுவிக்கொண்டு வந்தார்.

"இரும்புக்காரருக்குப் போன் பண்ணீரு புள்ள" என்றார்.

இந்த வார்த்தைக்காகப் பதினோரு வருடம் காத்திருந்தவள் நான். ஆனால் கேட்டபோது ஜெயித்த மாதிரியே இல்லை. என்னைத் திட்டியிருந்தால், இன்னும் ஒரு மாதம் கொடு என்று கெஞ்சியிருந்தால், பதிலுக்கு இரண்டு போட்டிருப்பேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.  மிளகு பறிக்க இன்னும் ஆறு நாள் இருந்தது. நாளைக்குப் பண்ணுகிறேன் என்று சொன்னேன்.

மறுநாள் காலையில் ஏணி பார்க்கப் போனேன். எங்கள் வீட்டில் மரம் ஏறுவது நான்தான். அவருக்கு மூன்றாவது படியிலேயே தலை சுற்றும். மிளகுக்கு ஒற்றை மூங்கில் ஏணி. மூங்கிலின் கணுக்கிளைகளை ஒரு சாண் விட்டு வெட்டியிருப்போம், அதுதான் படி. அதை மரத்தில் சாத்தினால் உடனே கட்டிவிடக் கூடாது. சாத்தும்போது மேல்முனை கவட்டையில் அழகாக உட்கார்ந்திருக்கும். ஆள் ஏறியதும் அடி மண்ணில் அமுங்கும், மேல்முனை நழுவிவிடும், ஆள் கீழே. அதனால் முதல் படியில் ஏறி நின்று, இரண்டு குதி குதித்து, எவ்வளவு அமுங்குமோ அவ்வளவும் அமுங்கியபிறகுதான் கயிறு கட்டுவோம். ஆளேற்றாமல் ஏணி கட்டாதே என்பது எங்கள் பக்கத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

அன்றைக்கும் முதல் படியில் நின்று ஒரு குதி குதித்தேன். ஏணி ஒரு விரற்கடை இறங்கியது. எனக்குப் பொட்டென்று பாப்பாயி அக்கா ஞாபகம் வந்தது. முந்தின நாள் அவர் ஏறி உட்கார்ந்ததும் வண்டி எப்படி அமுங்கியது என்று பார்த்தேனே. பின்னால் ஐந்து பேரும் மூன்று மூட்டையும் ஏறியதும் மட்கார்டு டயரைத் தொட வந்துவிட்டதே. இவர் சிம்பு நறுக்கியபோது வண்டியில் யார் இருந்தார்கள்? ஒரு கோழி இருந்தது. வண்டியும் தரையில் இல்லை, கல்லின் மேல் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தது.

கயிற்றைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அவர் பால் வண்டிக்குப் போய்விட்டார். இரும்புக்காரருக்குப் பண்ண வேண்டிய போனைக் குழந்தைவேலுக்குப் பண்ணினேன்.

"ஏனுங்க, ஆள் ஏறினா அந்த ஷாஃப்டுக்கு இருக்கிற எடம் கொறையுமுங்களா?"

அந்தப் பக்கம் லேத் ஓடுகிற சத்தம் நின்றது. 

"அம்மிணி, அந்தச் சிம்பு வெறும் வண்டி அளவுங்களா?"

"வெறும் வண்டி மட்டுமில்லீங்க. கல்லு மேல தொங்கிட்டிருந்த வண்டி."

"அட கடவுளே. நானும் கேக்கலீங்க பாருங்க" என்றார். பிறகு விளக்கினார். ஷாஃப்டின் முன்முனை கியர்பாக்ஸுக்குள் உள்ளே வெளியே நழுவிக்கொடுக்கும். பாரம் ஏறினால் உள்ளே போகும். போக இடமில்லையென்றால் உரலின் அடியில் உலக்கை மோதுகிற மாதிரி மோதும். ஷாஃப்டிலும் கோளாறு இல்லை, அலுமினியத்திலும் கோளாறு இல்லை. நீளம்தான் கொஞ்சம் கூட. நாளைக்கே மேலே வருகிறேன், அன்றைக்கு ஏறின ஆட்கள் எல்லோரையும் மறுபடி ஏற்றி வையுங்கள் என்றார்.

பால் வண்டியிலிருந்து இறங்கியவரிடம் ஏணியையும் பாப்பாயி அக்காவையும் சேர்த்து ஒரே மூச்சில் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

மறுநாள் எங்கள் களத்தில் ஒரே கூத்து. எங்கும் போகாத வண்டியில் ஊர் ஏறி உட்கார்ந்தது. டிக்கியில் அதே மூன்று மூட்டை. கூரைமேல் அன்றைய தார்கள் பழுத்துவிட்டதால் வேறு இரண்டு தார். பாப்பாயி அக்கா தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு வந்து முன் சீட்டில் உட்கார்ந்தார். குழந்தைவேலும் அவரும் அடியில் டார்ச்சோடு படுத்திருந்தார்கள். அப்போதுதான் பார்த்தால் டிரைவர் சீட் காலி. ஓட்டுகிறவரே அடியில் படுத்திருக்கிறாரே.

"இன்னும் ஒரு ஆள் வேணுங்க" என்று குழந்தைவேல் கீழேயிருந்து சொன்னார்.

 வண்டிக்குள்ளிருந்த ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள். சுவரோரம் ஒரு கிழங்கு மூட்டை கிடந்தது. அதைத் தூக்கி வைத்தாலும் கணக்குச் சரியாகிவிடும், எல்லோருக்கும் அது தெரியும். பாப்பாயி அக்கா பெரிய மனசோடு, "அந்த மூட்டையத் தூக்கி வெச்சுரு ராதிகா, சொன்ன சொல்லு இருக்குதல்ல" என்றார்.

நான் மூட்டையைப் பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன்.

சீட் நன்றாகத்தான் இருந்தது. ஸ்டீயரிங் என் நெஞ்சுக்கு நேராக இருந்தது, கண்ணாடி வழியாக என் மிளகுக் கொடிகள் எல்லாம் தெரிந்தன.  அவர் தரையோடு படுத்துக்கொண்டு என் செருப்பு இரண்டும் தனியாகக் கிடப்பதைப் பார்த்திருக்கிறார். அளவைப் பிடிக்காமல் எங்கே பார்க்கறீங்க என்று குழந்தைவேல் அதட்டுவது கேட்டது.

புதுச் சிம்பு பழைய சிம்பைவிட ஒன்றே கால் அங்குலம் குறைவாக இருந்தது. போகவர இடத்துக்காகக் குழந்தைவேல் இன்னும் கொஞ்சம் நறுக்கினார். ஷாஃப்டைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு மத்தியானப் பஸ்ஸில் இறங்கிப்போனார். மூன்றாம் நாள் அது திரும்பி வந்தது.

முதல் மிளகு பறிக்கிற அன்று விடிந்ததும் அவர் அதே ஆட்களையும் அதே பாரத்தையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். நான் கூடப் போகவில்லை. பறிப்பைத் தள்ளிப்போட முடியாது, அதுவும் பேச்சுதான். ஏணியில் ஏறிப் பறித்துக்கொண்டே இருந்தேன். காது மட்டும் ரோட்டில் இருந்தது. பஸ் போனது. ஒரு லாரி போனது. இரண்டு பை நிரம்பியது. வெயில் ஏறியது. இடித்திருந்தால் இந்நேரம் திரும்பியிருப்பாரே என்று ஒரு நினைப்பு, பிரேக் கிரேக் என்று இன்னொரு நினைப்பு.

பதினொரு மணிக்கு ஹாரன் கேட்டது. மரத்து உச்சியிலிருந்து பார்த்தேன். வெள்ளைக் கூரை ஒன்று வளைவில் திரும்பி ஏறி வந்துகொண்டிருந்தது. இடிக்கவில்லை, ஆடவில்லை. போகும்போது கூரைமேல் வாழைத்தார், வரும்போது யாரோ வாங்கின பிளாஸ்டிக் நாற்காலி நாலு. எனக்கு அழுகை வந்துவிட்டது. மிளகுத் தூசி என்று பொய் சொல்ல மாட்டேன்.

சொன்னபடி சில்வர் ஓக் அடியில் மேடு வெட்டிக் கொடுத்தேன். வண்டி அங்கே போய்விட்டது. களத்தைக் கழுவிவிட்டு மிளகைக் கொட்டினேன். நாலு கல் இருந்த இடம் மட்டும் வட்டம் வட்டமாக வெளுத்திருந்தது, அதன்மேலும் பரப்பினேன். பாப்பாயி அக்கா என்னிடம் சொல் மாறியதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. செம்மேட்டில் எல்லோரும் கேட்டார்கள்.

நாலு நாள் கழித்து, நான் களத்தில் மிளகைத் துழாவிக்கொண்டிருந்தபோது அவர் சோளக்காடு சந்தைக்குத் தனியாகக் கிளம்பினார். போன வேகத்திலேயே திரும்பி வந்து இன்ஜினை நிறுத்தாமல் என்னைக் கூப்பிட்டார்.

"வண்டி ஆடுது புள்ள."

"எங்க ஆடுது?"

"நீ உக்காந்து அளவெடுத்தது. நீ இல்லாட்டி சரியா ஓட மாட்டேங்குது."

பொய். குழந்தைவேல் என்னிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார், இருபக்கமும் நழுவ இடம் விட்டிருக்கிறேன், ஒருவர் ஏறினாலும் ஏழு பேர் ஏறினாலும் ஒன்றுதான் என்று. அப்போது இவரும் பக்கத்தில்தான் நின்றார். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். கல்யாணமாகி இருபத்து மூன்று வருடத்தில் இந்த மனுசனுக்கு ஆமாம் போட்டு எனக்குப் பழக்கமில்லை. நாலு வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது.

கோழி பார்த்துக்கொள்ளச் சொல்லிப் பாப்பாயி அக்காவுக்குக் குரல் கொடுத்தேன். காலில் ஒட்டியிருந்த மிளகைத் தட்டிவிட்டு முன் சீட்டில் ஏறினேன். முதல் வளைவு வந்தது. வண்டி வழுக்கிக்கொண்டு திரும்பியது.

"இப்பப் பாரு, ஆடலை" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.